பஸ்ஸுக்குத்தான் அப்படி எழுதுவாங்க

'துணிச்சல்!' என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தாள் பேராசிரியை பமீலா விட்கோம். அது ஐந்து வாரங்களுக்கு முன்னால். இன்றைக்கு அதே பக்கம், நட்சத்திரம் உட்பட நகலெடுக்கப்பட்டு, இன்னும் நாலைந்து தாள்களோடு பின் அடிக்கப்பட்டு, டார்லா ஹாஸ்கின்ஸின் முன்னால் மேசைமேல் கிடந்தது.

"இது என்னோட வாரக் குறிப்பு," என்றாள் டார்லா.

"ஆமா."

"இதை நீங்க மட்டும்தான் படிப்பீங்கன்னு சொன்னீங்க."

"நான் மட்டும்னு சொல்லல டார்லா. துறைக்குள்ளயேதான் இருக்கும்னு சொன்னேன்." பமீலா தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். "உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கிறது எனக்குக் கேக்குது."

கேக்குது. மனநல ஆலோசகர் படிப்பில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்த சொல் அது. எதிரே இருப்பவர் சொன்னதைச் சொல்லிக்காட்டு, சொல்லாமல் விட்டதைக் காதில் வாங்கு. மாணவர்கள் சாப்பாட்டு அறையில் அதை வைத்தே ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். "என் டோனட்டை நீ தின்னுட்டது எனக்கு ரொம்ப ஆழமா கேக்குது" என்பான் ரெஜி. டார்லாதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பாள். இப்போது அந்தச் சொல் அவளை முள்ளாய்க் குத்தியது.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது பமீலாவின் விதி. மற்றவர் மனசுக்குள் போகிறவர்கள் முதலில் தங்கள் மனசைத் திறந்து பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், இதற்கு மார்க் கிடையாது. மற்ற மாணவர்கள் இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுக்காரர்கள். பள்ளிக்கூடம் தொட்டு இப்படி எழுதிப் பழகியவர்கள். எதை எழுதலாம், எதை விடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டார்லாவுக்கு நாற்பத்து மூன்று. ஓஹையோ மாநிலத்தின் மலைப்பக்கத்து மாவட்டத்தில் பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். உன் மனசில் இருப்பதை எழுது என்று யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்டதும் எழுதிவிட்டாள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். புறங்கையால் தட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடு போதாதென்றால் தட்டை அப்படியே அம்மாவின் மடியில் கவிழ்ப்பார். ஒருநாள், பதினைந்து வயதில், சமையலறையில் ரொட்டிக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் நின்றேன். பிறகு ரொட்டியை நறுக்கினேன்.

நகலில் யாரோ மஞ்சள் மையால் கோடிட்டிருந்தார்கள். கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றது மஞ்சளில் இருந்தது. ரொட்டியை நறுக்கியது வெள்ளையாகவே இருந்தது.

"விஷயத்துக்கு வருவோமா?" என்றார் துறைத் தலைவர் கர்ட் லிண்ட்குவிஸ்ட். கையில் தேநீர்க் கோப்பை. முதலிலிருந்தே பமீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் ஷெய்னா. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற இருபத்தாறு வயதுப் பெண். துறையே நடத்தும் ஆலோசனை நிலையத்தில் டார்லாவிடம் ஏழு வாரமாக வருகிறாள். மாணவர்கள் பேசுவது அத்தனையும் பதிவாகும். பமீலா கேட்டுத் திருத்துவாள். போன வாரப் பதிவில், பதினேழாவது நிமிஷத்தில், ஷெய்னா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். அவள் புருஷன் தினமும் சாயங்காலம் காரில் ஏறி, ஓடிய மைல் எவ்வளவு என்று பார்த்து, ஃபிரிட்ஜில் தொங்கும் நோட்டில் எழுதிவைப்பானாம். வேலைக்குப் போக ஆறு, வர ஆறு; ஆலோசனை நிலையமும் அதே வழியில்தான். பன்னிரண்டுக்கு மேல் ஒன்று கூடினாலும் விசாரணைதானாம். கடைசியில் கேட்டாள்: "இது சாதாரணம்தானே? எல்லார் வீட்லயும் இப்படி ஏதாவது இருக்கும்தானே?"

பாடப்படி டார்லா, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. "இல்ல. இது சாதாரணம் இல்ல, தப்பு," என்றாள். "நான் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினேன். தினம் காலைல மைல் எழுதுவேன். பஸ்ஸுக்குத்தான் அப்படி எழுதுவாங்க. பொண்டாட்டிக்கு எழுத மாட்டாங்க."

"தீர்ப்பு சொல்லிட்டீங்க. உங்க சொந்தக் கதையையும் உள்ள கொண்டுவந்துட்டீங்க," என்றாள் பமீலா. "அவங்க பதிலை அவங்களே கண்டுபிடிக்க நாம இடம் கொடுக்கணும்."

"அவ எங்க போனாலும் மைலை எண்றான் ஒருத்தன். அவளுக்கு இன்னும் எவ்வளவு இடம் கொடுப்பீங்க?"

"பாருங்க, உங்க குரல் ஏறுது."

"ஏறும். கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்னு பழகின குரல்."

பமீலா எதையோ குறித்துக்கொண்டாள். டார்லா அந்தப் பேனாவையே பார்த்தாள். கத்தினால் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அழுதாலும் பெயர் உண்டு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் 'மறுக்கிறார்' என்று எழுதுவார்கள். பெயர் இல்லாத ஓரிடம் இந்த அறையில் எங்கேயாவது இருக்கிறதா?

கர்ட் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். தலைப்பு 'வளர்ச்சித் திட்டம்'. அதில் மூன்று வரிகள். பமீலாவைக் கேட்காமல் எந்தக் கருத்தும் சொல்லமாட்டேன். வாரம் இரண்டு மணி நேரம் கூடுதல் மேற்பார்வைக்கு வருவேன். மூன்றாவது: அந்த அமர்வில் நான் காட்டிய கோபம் என் தந்தையோடான தீராத அனுபவத்திலிருந்து வந்தது என்று ஏற்கிறேன்.

"மூணரைக்குள்ள கையெழுத்து வேணும்," என்றார் கர்ட். "இல்லைன்னா இந்தப் பயிற்சி இதோட நிக்கும். நாலு மணிக்கு ஷெய்னா வர்றாங்க இல்லையா? அவங்களை வேற ஒருத்தர்கிட்ட மாத்த வேண்டியிருக்கும்."

அப்போது மணி இரண்டே முக்கால். டார்லா தாளை எடுத்துக்கொண்டு பதிவு கேட்கும் அறைக்குப் போனாள். ரெஜி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். இராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். அந்த வகுப்பில் அவளுக்கு அடுத்த வயசாளி.

"மூஞ்சி என்ன இப்படி இருக்கு? எவன் செத்தான்?"

தாளைக் கொடுத்தாள். படித்தான்.

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டே இரு. நான் போன வருஷம் போடல? என் தூக்கமின்மைக்கு எங்கம்மா காரணம்னு எழுதிக் கொடுத்தேன். பாவம், எங்கம்மா நிம்மதியா குறட்டை விட்டுத் தூங்குறா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெஜி, அவங்க சொல்றது நெசமா இருந்தா?"

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. ஷெய்னா அந்த நோட்டைப் பற்றிச் சொன்னபோது டார்லாவுக்கு ஒரு தட்டு கவிழ்ந்தது தெரிந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அப்படியானால் அவள் அன்றைக்கு யாரிடம் பேசினாள்? ஷெய்னாவிடமா, மடியில் குழம்போடு உட்கார்ந்திருந்த அம்மாவிடமா? ஒரு பெண்ணின் கேள்வியை எடுத்துத் தன் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டாளா? அப்படியென்றால் இந்த நாற்காலியில் உட்கார அவளுக்குத் தகுதி இல்லைதான்.

பதினேழாவது நிமிஷத்தைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷெய்னாவின் சிரிப்பு. கேள்வி. பிறகு தன் குரல்.

அது கத்தவில்லை. கோபத்தின் விளிம்புகூட அதில் இல்லை. முதல் நாள் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் பஸ் படியில் நின்று உதட்டைப் பிதுக்கும்போது, எஞ்சினைத் தணித்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து பேசுகிற குரல் அது. இல்ல. இது சாதாரணம் இல்ல. அதற்கப்புறம் நாற்பது வினாடி ஒன்றுமே இல்லை. பிறகு ஷெய்னா மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இதை யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

மூன்று தடவை கேட்டாள். தட்டு கவிழ்ந்தது உண்மை. ஆனால் அது அவளைக் கத்த வைக்கவில்லை. ஷெய்னாவின் சிரிப்புக்கு அடியில் இருந்ததைக் கேட்க வைத்தது. அன்றைக்கு அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்தது இன்றைக்கு. மஞ்சள் கோட்டைப் பார்த்த பிறகு. இந்தக் கோபத்துக்கு அப்பா காரணம் இல்லை. அதற்குக் காரணமானவள் இரண்டு அறை தள்ளி, பச்சைப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பிப் போனாள். நின்றுகொண்டே மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"முதல் ரெண்டும் சரி. உங்களைக் கேக்காம பேசினேன், அதை ஒத்துக்கறேன். மூணாவது பொய்."

"டார்லா, ஒரு பகுதியை மட்டும்..."

"டேப்பைக் கேட்டீங்களா நீங்க? நான் சொன்னதோட நிறுத்திட்டீங்களா, அதுக்கப்புறமும் கேட்டீங்களா?"

பமீலா கர்ட்டைப் பார்த்தாள். "சம்பந்தப்பட்ட இடத்தைக் கேட்டேன்."

"அதுக்கப்புறம் நாப்பது வினாடி இருக்கு. அதுதான் சம்பந்தப்பட்ட இடம்." டார்லா நகலெடுத்த பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். "துணிச்சல்னு எழுதினீங்களே. நட்சத்திரம் போட்டீங்களே. உங்ககிட்ட வர்ற ஒருத்தர் சொன்னதை இப்படி மஞ்சள் அடிச்சு அவங்க முன்னாடியே வீசுவீங்களா? எங்களுக்கு மட்டும் ஏன் செய்றீங்க?"

"உங்க வலி எனக்குக்..."

"கேக்காதீங்க. தயவுசெஞ்சு இனிமே எதையும் கேக்காதீங்க."

கர்ட் தேநீரைக் கீழே வைத்தார். "இதை நான் துறைக் குழுவுக்கு அனுப்பணும். அவங்க முடிவு சொல்ற வரைக்கும் நீங்க யாரையும் பார்க்க முடியாது, டார்லா. இன்னைக்கு நாலு மணி உட்பட."

அவள் வெளியே வந்தாள். காத்திருக்கும் அறையைத் தாண்டித்தான் வாசல். ஷெய்னா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தாள். ஆலோசனை அறைக்கு வெளியே ஆளைப் பார்த்தால், அவர்களாகப் பேசாதவரை, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. டார்லா தரையைப் பார்த்து நடந்தாள்.

"டார்லா! டார்லா, இங்க பாருங்களேன்." ஷெய்னாவின் கன்னம் குளிரில் சிவந்திருந்தது. "இன்னைக்கு பஸ்ல வந்தேன். ரெண்டு பஸ் மாறி. கார் வீட்டு வாசல்லயே நிக்குது. சாயங்காலம் அவர் போய்ப் பார்ப்பாரு, நேத்து நம்பரே இருக்கும்!"

டார்லாவின் நெஞ்சு முதலில் பூத்தது. அடுத்த மூச்சில் சில்லிட்டது. நம்பர் அப்படியே இருக்கும். வேலைக்கே போகாதது மாதிரி இருக்கும். பன்னிரண்டு எங்கே என்று கேட்பானே, அப்போது?

"உங்க கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் ஷெய்னா. இன்னைக்கு உங்ககூட உட்கார எனக்கு அனுமதி இல்ல. என்னோட காரணம், உங்களோடது இல்ல. ஆனா அன்னைக்குச் சொன்னதை நான் மாத்திக்கல. ஒரு நிமிஷம் இங்கயே இருங்க. போயிடாதீங்க."

திரும்பி நடந்து கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"நாலு மணிக்கு நீங்க வந்து உட்காருங்க," என்றாள் பமீலாவிடம். "வேற மாணவரை அனுப்பாதீங்க. அவ காரை விட்டுட்டு வந்திருக்கா. சாயங்காலம் மைல் குறையும். அவன் என்ன பண்ணுவான்னு கேளுங்க. இன்னைக்கு ராத்திரி போக இடம் இருக்கான்னு கேளுங்க. அவ ஏதாவது கேட்டா கேள்வியைத் திருப்பிக் கொடுக்காதீங்க, பமீலா. இன்னைக்கு ஒரு நாளாவது."

பமீலா பச்சைப் பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

அறை வாசலில் ஷெய்னா தயங்கி நின்று கேட்டது டார்லாவின் காதில் விழுந்தது. "டார்லா சொன்னது தப்புங்களா?"

கதவு மூடியது. உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க வாசலில் வைத்திருந்த சின்ன இயந்திரம், மழை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. டார்லா அதற்கு எதிரே இருந்த நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஐம்பது நிமிஷம் ஆகும். கதவு திறக்கும்போது ஷெய்னாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் அங்கிருந்து எழுந்திருக்கப்போவதில்லை.