சிக்னல் ஓர மேசை

எனக்கு ரொம்பப் பிடித்த மேசையில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன், டிரைவர் சீட்டிலிருந்து.

நான் ஓட்டுவது பதினான்காம் நம்பர் பஸ். ஆஸ்பத்திரி, கோர்ட், பெரிய மார்க்கெட் எல்லாம் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாற்சந்தி வரும். அந்தச் சிக்னலுக்கும் எனக்கும் என்ன பகையோ, எப்போது போனாலும் சிவப்புதான். முழுசாக எழுபது நொடி. பஸ்ஸின் முன்கதவுக் கண்ணாடிக்கு நேராக ஒரு ரெஸ்டாரண்ட். அதன் பெரிய ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காருகிற சின்ன மேசை, அதன்மேல் மஞ்சள் மூடி போட்ட விளக்கு. அந்த எழுபது நொடிகளில் எத்தனையோ பேரை அங்கே பார்த்திருக்கிறேன். ஒரு தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் உண்டு. தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்த பெண் உண்டு. எல்லோருக்கும் கிடைத்தது, எனக்கு மட்டும் பச்சை விழுந்துவிடும்.

அதனால் லிஃப்ட் மெக்கானிக், "ஒரு நாள் வெளிய சாப்பிடலாமா? இடம் நீங்களே சொல்லுங்க" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

அவரை முதலில் எனக்குக் குரலாகத்தான் தெரியும். எங்கள் குடியிருப்பு லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய், நான் உள்ளே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். வெளியிலிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்றது. "பயம் எல்லாம் இல்ல, பசிக்குது" என்றேன். கதவு இடுக்கு வழியாக ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. அதன் பிறகு மாதாமாதம் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் மாடிப்படியில் நின்று பேசுவார். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது என்று சொன்னார். என்னை ஒருவன் விட்டுப் போனதை நானும் சொன்னேன். "நீங்க மேலயும் கீழயும், நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்" என்று ஒரு நாள் சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பு இரண்டு மாடிக்குக் கேட்டது.

என்னோடு இருக்கும் தங்கைக்கு நான் சொன்ன இடம் பிடிக்கவில்லை. போனை எடுத்து ஒரு பட்டியலே வாசித்தாள்.

"அக்கா, இருபத்தெட்டாவது மாடியில ஒண்ணு இருக்கு. ஊரே தெரியும்."

"அவர் லிஃப்ட் மெக்கானிக்டி. அங்க கூட்டிட்டுப் போனா ராத்திரி முழுக்க லிஃப்ட் சத்தத்தையே கேட்டுட்டு உக்காந்திருப்பார்."

"சரி, இது? மெழுகுவத்தி மட்டும்தான். லைட்டே கிடையாது."

"தட்டுல என்ன இருக்குன்னே தெரியாத இருட்டுல என்னத்தைத் திங்கறது?"

"முடிவு பண்ணிட்டு எதுக்கு என்னைக் கேக்கற?"

"கேக்கணும்ல. நீ என் தங்கச்சி இல்லையா?"

அவள் தலையணையைத் தூக்கி என்மேல் எறிந்தாள். நான் ஒற்றைக்காலில் நின்றேன். வேறு இடம் என்றால் போகவே போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. என்னை விட்டுப் போனவனும் பஸ் டிரைவர்தான். அதே டிப்போ, அதே பதினான்காம் நம்பர். எட்டு வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு தடவை அவனிடம் அந்த மேசையைப் பற்றிச் சொன்னேன். "அந்த சிக்னல்ல நிக்கறதே தண்டனை, அங்க போய் வேற உக்காரணுமா?" என்றான். நான் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. பிரிந்த பிறகு டிப்போ கேன்டீனில் நாலு பேர் நடுவில் என்னைப் பற்றி அவன் சொன்னது இது: "அவகூட உக்காந்து சாப்பிடறதும் காலி சீட்கூட உக்காந்து சாப்பிடறதும் ஒண்ணுதான்."

அந்தப் பேச்சு எப்படியோ என் காதுக்கு வந்தது. வந்தால் வரட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு டிப்போவில் எல்லோரும் என்மேல் காட்டிய பரிதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வருஷமாக, "சாப்பிட்டியாம்மா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார்கள். என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் பங்கிலிருந்து ஒரு கரண்டி வைக்கிறார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்களை என்ன செய்வது?

ஆகவே இந்தச் சாப்பாடு டிப்போவுக்குத் தெரியவே கூடாது. நான் காலி சீட் இல்லை என்று முதலில் எனக்கே தெரியவேண்டும். சரியாக அமையாவிட்டால் அது எனக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும், இன்னொரு கரண்டி பரிதாபத்துக்கு என் டப்பாவில் இடமில்லை.

வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். டியூட்டி சார்ட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். என்னை விட்டுப் போனவனுக்கு அந்த வாரம் முழுக்கக் காலை ஷிப்ட், மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுவான். எனக்குத்தான் மாலை. டைம் கீப்பரிடம் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

"நீயா லீவு கேக்கற? என்ன விஷயம்?"

"பல் வலி சார்."

"ஐயோ பாவம்" என்றார், வேறென்ன சொல்வார்.

மேசையை முன்கூட்டியே சொல்லிவைக்க நேரில் போனேன். அங்கே பரிமாறுகிறவர் நரைத்த மீசைக்காரர், நல்ல மனுஷர். "அந்த ஜன்னல் மேசை வேணாம்மா. பஸ்ஸெல்லாம் வந்து பக்கத்துல நிக்கும். உள்ள அருமையான மேசை இருக்கு, காட்டறேன்" என்றார்.

"பஸ் சத்தம் எனக்குப் பழக்கம். அதான் வேணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை யூனிஃபார்ம் இல்லாமல், புது பச்சை உடையில் கிளம்பினேன். பஸ்ஸில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மூன்று தெரு சுற்றி நடந்தே போனேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாரோ, விரலெல்லாம் சிவந்திருந்தது. நக இடுக்கில் மட்டும் கிரீஸ் போகவில்லை. உட்கார்ந்து முழங்கையை வைத்ததும் மேசை ஆடியது. அவர் குனிந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்து நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகினார்.

"பதினோரு வருஷமா பாக்கறேன், இது ஆடும்னு தெரியாது" என்றேன்.

"தூரத்துல இருந்து பாத்தா எதுவும் ஆடாதுங்க."

சூப் வந்தது. முதல் ஸ்பூனை வாயில் வைத்தேன். அப்போது வெளியே 'புஸ்' என்று ஒரு சத்தம். ஏர் பிரேக். தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தலையைத் திருப்பினேன். பதினான்காம் நம்பர். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்தபடி, எங்கள் டிப்போவின் ஹாரன் அண்ணன். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிப்பதால் அந்தப் பெயர். அவர் வாய் பிளந்தது. என்னைப் பார்த்தார், எதிரே இருப்பவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

மூன்று தெரு சுற்றி வந்து முழு முட்டாளாகி உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமாக அந்தச் சீட்டிலிருந்து இந்த மேசையைப் பார்த்திருக்கிறேன். பதினான்காம் நம்பர் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அதே சிக்னல், அதே எழுபது நொடி என்பது ஒரு நாளாவது என் மண்டையில் உறைத்ததா? எனக்கென்று மட்டும் யாரோ போட்டு வைத்த மேசை என்றே நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சவரா?" என்றார் மெக்கானிக்.

மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பல் வலி, பரிதாபம், டிபன் பாக்ஸ், காலி சீட் வரைக்கும். "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும். எல்லாரும் பாப்பாங்க."

அவர் ஸ்பூனால் சூப்பைக் கலக்கினார். "பல் வலின்னா, மெதுவா மெல்லுங்க. பாக்கறவங்க நம்பணும்ல" என்றார்.

வாயில் இருந்த சூப் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் எப்போது சிரித்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அடுத்த பஸ் வந்ததும் போனதும்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார், அவளுக்கு லிஃப்ட் என்றாலே பயமாம், ஆறு மாடியும் ஏறித்தான் போவாளாம். நான் பாலத்தில் காலையில் பனி மூடியிருக்கும்போது ஓட்டுவதைச் சொன்னேன். மீன் வந்தது.

மூன்றாவது 'புஸ்'.

இந்த பஸ்ஸைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் நான் ஒட்டிய நீல டேப். இது என் பஸ். நான் லீவு போட்டால் என் பஸ் ஷெட்டில் படுத்துத் தூங்காது, யாராவது ஓட்டியாக வேண்டும். அது யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அவன்தான். காலை ஷிப்ட் முடித்துவிட்டு, என் இடத்துக்குக் கூடுதல் டியூட்டி பார்க்க வந்திருக்கிறான். என் உயரத்துக்கு வைத்த சீட்டை மாற்றாமல், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹாரன் அண்ணன் திரும்பி வரும்போது எதிர்ப்பட்ட இடத்தில் ஏதாவது சைகை காட்டியிருக்க வேண்டும். சிக்னலில் நின்றதும் அவன் நேராக இந்த ஜன்னலைத்தான் பார்த்தான்.

பக்கத்தில் மெனு அட்டை இருந்தது. ஆள் முகத்தையே மூடுகிற அளவு பெரியது. என் கை தானாக அதன்மேல் போனது.

"அவரா?" என்று மெதுவாகக் கேட்டார் மெக்கானிக்.

"ஆமா."

"உள்ள மாறிக்கலாங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல."

மீசைக்காரர்கூடத் தூரத்தில் ஒரு தட்டோடு தயாராக நின்றார், நான் தலையசைத்தால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் உள்மேசையில் வைத்துவிடுவார். எழுந்தால் இரண்டு நொடியில் முடிந்துவிடும். ஆனால் எழுந்து போனால் அவன் கண்ணுக்கு இந்த ஜன்னலில் என்ன தெரியும்? காலி சீட்தான் தெரியும்.

மெனு அட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

"வேண்டாம். இது என் மேசை" என்றேன்.

மீனில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனாலும் மென்று விழுங்கினேன். பிறகு நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தேன். அவன் முகத்தில் கேலி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. வழி தெரியாத ஊரில் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியவன்போல விழித்துக்கொண்டிருந்தான்.

பச்சை விழுந்தது. அவன் நகரவில்லை.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னொன்று. பஸ்ஸுக்குள் நின்றிருந்தவர்கள் குனிந்து முன்னால் என்னவென்று பார்த்தார்கள். அவன் இன்னமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எதைப் பொறுத்தாலும், பச்சையில் ஒரு பஸ் நிற்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. அதுவும் என் பஸ்.

கையைத் தூக்கினேன். உள்ளங்கையை விரித்து, பாலத்தின் பக்கமாக ஒரு வீச்சு. குறுகலான தெருவில் எதிரும் புதிருமாக வருகிற டிரைவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுகிற சைகை, ஒரு நாளைக்கு நூறு தடவை நானே காட்டுவேன். அதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாலு வருஷமாக அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறேன். கைக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் தலையை ஒரு முறை அசைத்தான். பஸ் கிளம்பிப் பாலத்தில் ஏறியது.

"கையில என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"வழி கிளியரா இருக்கு, நீ போன்னு சொன்னேன்."

அவர் மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மேசை ஆடவில்லை. இரண்டாவது துண்டில் ருசி தெரிந்தது, உப்புதான் கொஞ்சம் கம்மி.