ஏழு சாண்

வீட்டில் இடமில்லை என்று அப்பாவிடம் தொலைபேசியில் சொன்ன மறுநாள் காலை, அளவுக்காரரின் ஆறாவது மாடி வீடு அறைக்கு அறை ஒரு சாண் குறைந்திருந்தது. விற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீடுகளை அளந்து கொடுப்பது அவர் தொழில். படிக்கட்டில் ஒரு பங்கு, லிஃப்டில் ஒரு பங்கு என்று சேர்த்து, எண்ணூறு சதுர அடியை ஆயிரம் என்று எழுதிப் பழகிய கை. ஊருக்கெல்லாம் கூட்டிச் சொன்னவர் அப்பாவுக்கு மட்டும் குறைத்துச் சொன்னார். டேப்பை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். புறநகரில், பேருந்து கடைசியாக நின்று திரும்பும் இடத்தில் தனி வீடு. அம்மா போன பிறகு ஆளும் தனி. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அங்கே குறைவில்லை, முட்டிவலிக்கு மருத்துவர்தான் இல்லை. மகன் வீட்டுக்கு எதிரிலேயே மருத்துவமனை இருந்தது. பிள்ளைகள் கேரம் ஆடும் அறை பகலெல்லாம் சும்மா கிடந்தது. ஆனால், அப்பாவுக்கு அந்தக் காற்றுதான் ஒத்துக்கொள்ளும், இங்கே வந்தால் கூண்டில் அடைத்த மாதிரி ஆகிவிடும் என்று அளவுக்காரரும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள். பேச்சு முழுக்க அப்பாவின் நன்மையைப் பற்றியே இருந்தது.

அங்கே வந்து இருக்கட்டுமா என்று இரண்டு வருடத்தில் அப்பா ஏழு முறை கேட்டார், ஏழு முறையும் இடமில்லை என்றே பதில். ஏழு சாண் போயிற்று. முதலில் சாப்பாட்டு மேசையை விற்றார்கள், பிறகு கட்டில்களை. கேரம் அறை அலமாரி அளவுக்கு வந்தது. பொறியாளர் வந்து பார்த்து, கட்டடத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மனமிருந்தால் புளிய இலையிலும் இரண்டு பேர் படுக்கலாம் என்பார்கள். அந்த வீட்டில் நான்கு பேர் ஒருக்களித்துப் படுத்தார்கள்.

குறைந்ததெல்லாம் அப்பா வீட்டில் பல மடங்காகச் சேர்ந்தது. படுக்கையிலிருந்து சமையலறைக்குப் போகக் கால்மணி நேரம் ஆகிறது, நடுவில் உட்கார மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன் என்று தொலைபேசியில் செய்தி மாதிரிச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கேட்காததுதான் அளவுக்காரரைப் பேருந்தில் ஏற்றியது.

அப்பா இரண்டாவது நாற்காலியில் இருந்தார். அளவுக்காரர் தரையில் உட்கார்ந்தார்.

"இடம் இருந்துச்சுப்பா. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்டா. அந்த வீட்டை நீ வாங்கினப்போ, டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போதே கிளம்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். இப்போதுதான் நிஜமாகவே இடமில்லை. அதையும் அப்பாவே சொல்லி, எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள் என்றார்.

அந்த மாதமே வந்துவிட்டார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் இரண்டு மணி நேரப் பயணம். அப்பாவின் வீடு பழைய அளவுக்குத் திரும்பவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தினமும் காலையில் அளவுக்காரர் சமையலறையிலிருந்து டீயை எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் நடக்கிறார். போய்ச் சேர்வதற்குள் அது ஆறி ஏடு படிந்துவிடுகிறது. நல்ல சூடு என்று சொல்லி, அப்பா ஊதி ஊதிக் குடிக்கிறார்.