வெந்நீர் வண்டி

காலை வண்டி தூரத்தில் கூவியதும், ரயில்வே குடியிருப்பின் பெண்கள் குடங்களோடு வில்லியனூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பியதைப் பார்த்து அமுதம் வாரிக்கொண்டிருந்த தலையை அப்படியே விட்டு எழுந்தாள். எஞ்சினிலிருந்து வெந்நீர் பிடிப்பது ரயில்வே சட்டப்படி தப்பென்றாலும், அங்கே தினமும் நடப்பதுதான். ஆனால் இன்று அவள் புருஷன் தங்கவேல் கரி அள்ளவில்லை. வண்டியை ஓட்டி வருகிறான். அவனைச் சோதிக்க விழுப்புரத்திலிருந்து கூடவே ஏறியிருக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை சரியென்றால் டிரைவர். இல்லையென்றால் இன்னும் எத்தனை வருஷமோ கரிதான். கண்பட்டுவிடும் என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதுவே வினையாகப் போயிற்று.

கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைவிக்கும் அவள் அப்பா, சொந்தக்காரர்களிடம் "கரி அள்ற மாப்ள" என்று சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசக்கும். டிரைவரானால் அந்தச் சிரிப்பு நிற்கும். அவன் முதுகுவலியும் நிற்கும். எண்ணெய் தடவி அந்த முதுகில் அவள் ஏறி மிதிக்கும்போது அவன் சுகமாக முனகுவானே, அதுவும் நின்றுவிடுமோ? சீ, என்ன மனசு இது என்று தன்னையே வைதுகொண்டு, கொண்டையை முடிந்தபடி பெண்களின் பின்னால் ஓடினாள்.

"அக்கா, இன்னிக்கி வேணாம். திரும்பிப் போயிடலாம்."

"ஏன்டி?" மருத்துவச்சி காசம்மாள் நிற்கவில்லை. "நேத்து பொறந்த ராமாயி புள்ளைய ஒன் கண்ணீர்லயா குளிப்பாட்டறது? ஒன் புருஷன் வண்டிதான வருது, நீ இன்னாத்துக்குப் பதர்றே?"

எஞ்சின் மூச்சிரைத்து நின்றது. கரி அள்ளுகிறவன் பின்தொட்டியின்மேல் ஏறித் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான். தங்கவேல் கைப்பிடியை விடாமல், பெண்களைப் பார்த்தும் பார்க்காதவன்போல் முன்னால் வெறித்தான். காசம்மாள் அவனை விட்டுவிட்டு, பக்கத்தில் தலையில் துண்டு கட்டி, முகமெல்லாம் கரியாக நின்ற தடித்த ஆளிடம் குடத்தை நீட்டினாள்.

"இன்னாப்பா, புதுசா? மசமசன்னு நிக்காத. பச்சப்புள்ளைக்குத் தண்ணி. கழுத்துவரைக்கும் புடி."

கரிக்கு நடுவே அந்த ஆளின் கண்கள் நீலமாக இருந்ததை அமுதம் பார்த்தாள்.

துரை குடத்தைப் பார்த்தார். காசம்மாளைப் பார்த்தார். பிறகு குனிந்து குழாயைத் திறந்தார். ஒவ்வொரு குடமாக நிரம்பியது.

"சூடு. ஜாக்ரதை," என்றார், துரைத் தமிழில்.

"எங்களுக்குத் தெரியாதா? நல்லாருப்பா. சீக்கிரம் நீயும் டிரைவராவே!"

தங்கவேலுக்கு இருமல் வந்தது. துரை சிரித்தாரா, முறைத்தாரா, கரிக்குள் எதுவும் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "எடு," என்றார்.

கார்டு பச்சைக்கொடி காட்டினார். புதுக்கை என்றால் இந்த இடத்தில்தான் தெரிந்துவிடும். பெட்டிகள் வெடுக்கென்று இழுபடும், நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். அமுதம் பெட்டி வாசல்களையே பார்த்தாள்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் ஒரு கிழவர், எதையும் பிடிக்காமல், அவிழ்ந்த தலைப்பாகையை இரண்டு கைகளாலும் சுற்றியபடி, பிளாட்பாரத்தில் நின்ற சிவப்புத்தொப்பிப் போலீஸ்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் பதில் சொல்ல வாயெடுத்தபோது கிழவர் வண்டியோடு ஐந்தாறு முழம் தள்ளிப் போயிருந்தார். அப்போதும் அவர் கைகள் தலைப்பாகையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.