பாறூக்கின் மனைவி மேயரானாள்

கைறுன்னிஸாவுக்கு அரசியல் ஆசை இருந்ததே இல்லை. அது முழுக்க அவள் கணவன் பாறூக்குக்குத்தான் இருந்தது. ஆனால் அவனுடைய சுயேச்சைக் குழுவுக்குக் கிடைத்த ஒரே இடத்தைப் பெண்கள் ஒதுக்கீட்டின்படி ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. "பேருக்குத்தானே புள்ள" என்று அவளை உறுப்பினராக்கினான். வாழ்த்துப் பதாகையில் அவன் முகம் வாசல் அகலத்துக்கு இருந்தது. அவள் முகம் ஒரு மூலையில், முத்திரை அளவு.

மாநகர சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. மேயர் நாற்காலிக்கு நப்லான் ஹாஜியாரும் ரோட்டு வேலை எடுக்கும் கொந்தராத்துக்காரர் ஷெல்டனும் மல்லுக்கட்டினார்கள். இருவருக்கும் சரிசமமாக ஆதரவு. நடுவில் கைறுன்னிஸாவின் ஒற்றை வாக்கு.

ஹாஜியார் வட்டிலப்பத்தோடு வந்தார். ஷெல்டன் கேக்கோடு வந்தார். "ஒங்களுக்குத்தான்" என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, பாறூக் இரண்டையும் தின்று தீர்த்தான்.

ஹாஜியார் வந்திருந்தபோது அவள் அவரிடம் வாய் திறந்து கேட்டாள்: "எங்கட ரோட்டுக்குக் குப்பை லொறி வாறதே இல்லையே, நீங்க வந்தா என்ன செய்வீங்க?"

ஹாஜியார் பாறூக்கைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, தேத்தண்ணிக்குக் கொஞ்சம் சீனி போடச் சொல்லுங்க."

அவர் போன கையோடு கைறுன்னிஸா போனை எடுத்தாள். ஹாஜியார் அணியில் பஹ்மிதா, ஷெல்டன் அணியில் கெத்தரின். இருவரும் அவளைப் போலவே பேருக்கு உறுப்பினரானவர்கள். மூவரும் நெடுநேரம் பேசினார்கள்.

தெரிவு நாளன்று பஹ்மிதா எழுந்து, மேயர் பதவிக்குக் கைறுன்னிஸாவின் பெயரை முன்மொழிந்தாள். கெத்தரின் வழிமொழிந்தாள்.

ஷெல்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கைறுன்னிஸாவின் வாக்கோடு கெத்தரினின் வாக்கும் போனதால் தனக்கு இனி வழியில்லை. ஹாஜியார் மட்டும் வந்துவிடக் கூடாது. "நான் வெலகுறேன், எங்க ஆதரவு தங்கச்சிக்கு!" என்றார். மேயரை ஆக்கிய பேர் ஷெல்டனுக்கு மட்டும் போய்விடக் கூடாதென்று ஹாஜியாரும் துள்ளி எழுந்தார்: "எங்கட ஆதரவும் அவவுக்குத்தான்!" ஒருவரையொருவர் முறைத்தபடி இருவரும் கையை உயர்த்தினார்கள். ஏகமனதாக!

வெடி கொளுத்தி முடித்த பாறூக், மேயர் அறைக்குள் நுழைந்து அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"நீங்க வெளிய இருங்க."

"என்னத்துக்கு? நான் ஒன்ட மாப்புள!"

"அது வீட்டுல. இங்க அப்படியொரு பதவி இல்ல."

அவன் மூக்குச் சிவக்க வெளியேறினான். கதவு மூடியது. நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். சத்தம் வெளியே கேட்காதபடி முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.