மஞ்சள் கட்டம்

இரண்டாவது இடத்தில் வைத்தால் என்ன ஆகிவிடும், வலது பக்கம் ஒரே ஒரு அழுத்து, அவ்வளவுதானே, குடியா முழுகிவிடப் போகிறது... ஆனால் கைதான் போகமாட்டேன் என்கிறது, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கடல் வீடியோவின் கட்டத்தைப் பிடித்து இழுக்கிறேன், விடுகிறேன், மறுபடி இழுக்கிறேன். உள்ளறையில் அவர் இன்னும் தூங்குகிறார். எழுந்து டீ குடித்ததும் ரிமோட்டுக்குக் கை நீட்டுவார், அதற்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். ஹாலில் நாத்தனார் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், முழுதாக உட்கார்ந்தால் எங்கே பேச்சு முடிந்துவிடுமோ என்பதைப் போல. வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, கொஞ்ச நாள் அண்ணன் எங்க வீட்ல இருக்கட்டுமே. நீங்களும் மூச்சு விட்டுக்கலாம்ல." மூச்சு விடுவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்டேனா என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன், அவளும் கெட்டவள் இல்லை, என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பைப் பார்த்துத்தான் சொல்கிறாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

அவர்கிட்டயே கேளு என்று சொல்லிவிடலாம்தான். போன தடவை கேட்டாளே. "எங்க வீட்டுக்கு வர்றியாண்ணே?" "சரி." அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் விடுவேனா, குனிந்து கேட்டேன், "என்னங்க, இங்கயே இருக்கீங்களா?" "சரி." பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு போனபோது சொற்களையும் ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது, எப்படியோ அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. நான் யாருங்க, சரி. கல்யாணமான நாளிலிருந்தே இவர் பேசினதில் பாதி இந்த ஒரு வார்த்தைதான் டாக்டர் என்று சொல்லிச் சிரித்தேன், டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு வெளியிலிருந்து சொல்ல முடியாதும்மா என்றார். வெளியிலிருந்து... அப்படியென்றால் உள்ளே போவது எப்படி, அதைச் சொல்ல வேண்டாமா? அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாய்தானே போய்விட்டது, இடது கைக் கட்டைவிரல் இருக்கிறதே. வலது, இடது, ஓகே. விரலால் பதில் சொல்லட்டும்.

மெனு வரைவதுதான் எனக்குச் சோறு போடுகிறது, கடைகளுக்கும் வங்கிகளுக்கும் இணையப் பக்கம் போடும் கம்பெனியில் எந்தப் பட்டன் எங்கே இருக்கவேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை. வீட்டுக்கு ஒன்று செய்ய எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன். பழைய கணினி ஒன்றை உள்ளறை டிவிக்குக் கீழே ஒளித்து வைத்து, இருந்த போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் அதில் கொட்டி, டிவியிலேயே திறக்கிற மாதிரி ஒரு பக்கம். மேலே வரிசையாக வருடம், ஆட்கள், இடங்கள், தேடு... அலுவலகத்தில் காட்டியிருந்தால் கை தட்டியிருப்பார்கள். நாத்தனார் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, ஒரு போட்டோ பாக்க இத்தனை கதவைத் திறக்கணுமா" என்றாள். எழுத்தே அவருக்குப் பிடிபடவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது, கோடும் சுழியுமாகத்தான் தெரிந்திருக்கும் பாவம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். படங்கள் மட்டும், பெரிய பெரிய கட்டங்களாக. விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு தடித்த கோடு. பக்கம் திறக்கும்போது மஞ்சள் முதல் கட்டத்தில் நிற்கும், எங்கேயாவது நின்றாக வேண்டுமே. முதல் கட்டத்தில் கடல் வீடியோவை வைத்தேன். ஏன் அதை? ஏனோ. கைக்கு முதலில் வந்தது.

ஓகே அமுக்கினார். அன்றைக்கும், மறுநாளும், இன்று வரைக்கும். ஒருநாள் தவறவில்லை. எங்கள் மகன் பிறப்பதற்கு முந்தின வருடம் எடுத்தது அது, அலை வந்து என் ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு போகிறது, நான் துணியெல்லாம் நனைய அதன் பின்னால் ஓடுகிறேன், கேமரா அவர் கையில் குலுங்குகிறது, குரல் மட்டும், "பாத்து... ஏய் பாத்து, போனா போகுது விடு!" எத்தனை சொற்கள், அடேயப்பா. அதைப் பார்க்கும்போது அவர் உதட்டில் அசைகிற இடது பாதி மட்டும் மெல்ல மேலே ஏறும். எனக்கு அது போதும் என்று இருந்தது. படுக்கை விரிப்பை மாற்றுகிறபோது, ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கிறபோது, என் முதுகு விட்டுப்போகிறபோது, இருக்கட்டும், சாயங்காலம் அவர் என்னைத் தேர்ந்தெடுப்பார்... நாத்தனாரிடம் எவ்வளவு திமிராகச் சொல்லியிருக்கிறேன், "தினமும் எதைப் பாக்கறாருன்னு நீயே பாக்கறல்ல? இந்த வீட்டை விட்டுட்டு எங்க வருவாரு?" அந்த ஒரு சாட்சியை வைத்துத்தான் இத்தனை நாள் வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை வீடியோ மீட்டிங்கில் கத்தரிக்கோல் அந்தச் சாட்சியைக் கலைத்துவிட்டார். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர், எதைக் காட்டினாலும் பாதியை வெட்டச் சொல்வார். யாரோ ஒரு பையன், சார், இந்தப் பொருளைத்தான் ஜனங்க ரொம்ப விரும்புறாங்க, அத்தனை பேரும் இதைத்தான் அமுக்குறாங்க என்று பெருமையாகக் காட்டினான். "முதல் இடத்துல வச்சா எவன் வேணா அமுக்குவான்யா. அதுக்குப் பேரு விருப்பமா? இடத்தை மாத்தி வச்சுப் பாரு, அப்ப தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கேமரா ஓடிக்கொண்டிருந்ததே. எனக்குத் தெரியாத விஷயமா? முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவள், வீட்டில் ஒருத்தருக்கு மாற்றிப் பார்க்கவில்லை. மறந்தா போனேன்... மறப்பேனா.

சரி, ஆனது ஆகட்டும். கடலை இரண்டாவதாகத் தள்ளுகிறேன். முதல் இடத்துக்கு? வேண்டுமென்றே ஒரு குப்பையைத் தேடினேன், போனிலிருந்து எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடுவதால் குப்பைக்குப் பஞ்சமில்லை. பிளம்பருக்கு அனுப்ப எடுத்தது, சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது, பின்னால் என் கத்தல், "நேத்துதான மாத்துனீங்க, இன்னிக்கு பாருங்க எப்படி ஊத்துதுன்னு!" அதை வைத்தேன். அவர் விழித்துவிட்டார், இருமல் கேட்கிறது. தூக்கி உட்கார வைத்து, டீயை ஆற்றிக் கொடுத்து, வாயைத் துடைத்து, ரிமோட்டைக் கையில் கொடுக்கிறேன். நாத்தனாரும் வந்து கட்டில்கால் பக்கம் நிற்கிறாள். மஞ்சள் கோடு குழாய்க் கட்டத்தின் மேல் நிற்கிறது. பக்கத்திலேயே கடல், நீலமாக, அவ்வளவு பெரிதாக. வலது பக்கம் நகர்த்தத் தெரியும் இவருக்கு, ரிமோட்டைப் பழக்கினபோது பார்த்திருக்கிறேன், ஒன்றும் கஷ்டமில்லை. நகர்த்துங்க, ஒரே ஒரு தடவை, என் கண்ணில்ல... ஓகே அமுக்கினார். குழாய் ஒழுகியது. நான் பிளம்பரைத் திட்டினேன். அவர் உதட்டின் இடது பாதி மெல்ல மேலே ஏறியது. அதே மாதிரி, துளி மாறாமல் அதே மாதிரி. "அண்ணன் எப்படி ரசிச்சுப் பாக்குது பாருங்க" என்றாள் நாத்தனார், அவளுக்கு என்ன தெரியும். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போல இருந்தது.

ஒருவேளை என் குரலுக்காகச் சிரித்திருப்பாரோ? திட்டுவது நான்தானே... இப்படியே எதையாவது பிடித்துக்கொள்வேன் நான், விடமாட்டேன். மடிக்கணினியை எடுத்து வந்து அந்த மஞ்சளையே எடுத்துவிடுகிறேன், பக்கம் திறக்கும்போது எந்தக் கட்டத்திலும் நிற்காது, அவராக ஒரு பக்கம் நகர்த்தினால்தான் வரும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், செய்யத் தெரியாதவளா. திரையில் கட்டங்கள் வந்தன, எல்லாம் ஒரே மாதிரி. அவர் பார்க்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "என்ன அண்ணி, டிவி ரிப்பேரா?" "கொஞ்சம் சும்மா இரு." வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார், ரிமோட்டை என் பக்கம் நீட்டினார். இத்தனை மாதத்தில் அவராக அதைக் கையைவிட்டுக் கொடுத்ததே இல்லை. "என்னங்க, நான் வைக்கட்டுமா?" "சரி." "வேணாமா?" "சரி."

வாங்கிக்கொண்டேன். விரலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே இருக்கும், டிவியை அணைக்கிற பட்டனை அவர் தவறி அமுக்கிவிடக் கூடாதென்று முதல் வாரமே நான் பிளாஸ்திரி போட்டு மூடியிருந்தேன், அப்புறம் அதை நினைத்ததே இல்லை. அதன் ஒரு ஓரம் சுருண்டு, கறுத்து, நூல் நூலாகக் கிழிந்திருக்கிறது. மற்ற மூன்று ஓரமும் ஒட்டினபடி அப்படியே இருக்கின்றன. வியர்வையில் கிளம்பியிருக்கும்... வியர்வையாக இருந்தால் எல்லாப் பக்கமும் கிளம்பாதா? அவருடைய இடது கட்டைவிரலைப் பார்க்கிறேன், நகத்துக்குள் கறுப்பாகப் பசை. நேற்றுக்கூட ஊசியை வைத்து அதைச் சுத்தம் செய்தேன், எங்கிருந்துதான் இந்த அழுக்கு வருதோ என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே. எத்தனை நாளாக இதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்... கடல் ஓடும்போதெல்லாமா, அந்தப் பாதிச் சிரிப்போடேயா? "அண்ணி, நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே" என்கிறாள் நாத்தனார். பிளாஸ்திரியைப் பிடித்து உரித்து எடுக்கிறேன். ரிமோட்டை அவர் கையில் திருப்பி வைக்கிறேன். டிவியைப் பார்க்கத் தைரியமில்லாமல் நாத்தனார் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.