சரளைக்குள் விழுந்த ஜெட்

என் வீட்டுக்காரன் வெண்டெல் எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. புது ஜெனரேட்டரை டெக்சாஸில், கடலோரத்து எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வைத்து ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தான். என் ஆக்சிஜன் மெஷினை அதில் மாட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு முக்கல் முனகல் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோ மலையில் பத்தாயிரம் அடிக்கு ஏறி வந்தோம்.

மறுநாள் காலை எங்கள் மகன் டோபினுக்கு ஏரிக்கரையில் கல்யாணம். என் நுரையீரல் கிடக்கிற கிடப்புக்குக் கீழே ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் சொன்னான். நான்தான் வீம்பு பிடித்தேன். அவனும் அந்தப் பெண்ணும் முதன்முதலில் சந்தித்த இடம் அது. எனக்காக மாற்றினால் வரவே மாட்டேன் என்று மிரட்டினேன்.

மலைக்காற்று எனக்கு மட்டுமல்ல, ஜெனரேட்டருக்கும் போதவில்லை. கரும்புகை கக்கியது, திணறியது, நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடும். நானும் அதுவும் மாறி மாறி இருமினோம். ஆனாலும் ஓடத்தான் செய்தது.

முகாமில் பக்கத்து டிரெய்லர்க்காரர் ஆரின் வந்தார். அவரிடம் கரண்டுக்குச் சூரியத் தகடுகள் மட்டும்தான். மத்தியானமானால் மேகம் மூடிவிடும். யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. உயரத்தில் காற்று குறைகிறது, பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே போகிறது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற ஜெட் என்ற துளைத் திருகைக் கழற்றி, துளை சின்னதாக உள்ளதைப் போட்டால் சரியாகிவிடும் என்றார். முன்பு வைத்திருந்த ஜெனரேட்டருக்கு வாங்கிய ஜெட் ஒன்றையும் தேடி எடுத்துவந்தார்.

நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன்: "ஓடுறத எதுக்கு நோண்டுற, வெண்டெல்?"

"அஞ்சு நிமிஷ வேலை, நோலா. பேசி மூச்ச வீணாக்காத."

அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவசர சிலிண்டரைத் திறந்து என் மூக்கில் குழாயை மாட்டிவிட்டுப் போனான்.

ஆரினின் ஜெட் மரையில் ஏறவில்லை. பழையதையே மாட்டலாம் என்று திரும்பினால் அதைக் காணோம். அரிசிமணி அளவுப் பித்தளை, முழங்கால்மேல் வைத்திருந்தானாம். தரையெல்லாம் சரளை, மாலை வெளிச்சத்தில் கல்லெல்லாம் பித்தளையாக மின்னியது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்றாகிவிட்டது. எழுபது வயதுக் கிழவர்கள் இரண்டு பேரும் மண்டிபோட்டு, ஆரினின் மாவுச் சல்லடையில் சரளையைச் சலித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் மூச்சு வேண்டுமே.

சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. மிச்சமிருப்பது கீழே ஊருக்குப் போய்ச்சேர மட்டும் காணும். அங்கே விடுதியில் கரண்ட் இருக்கிறது. சிலிண்டர் மாற்றிக் கொடுக்கிற கடை திங்கட்கிழமைதான் திறக்கும். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

வெண்டெல் எழுந்து வந்து கதவருகே நின்றான். கையெல்லாம் மண், முட்டியில் ரத்தம். கிளம்பலாம் என்று நான்தான் சொன்னேன். டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு மெஷினை மட்டும் வண்டியில் ஏற்றினோம். யார் கேட்டாலும் சாமான் வாங்கப் போயிருக்கிறோம் என்று சொல்லும்படி ஆரினிடம் கேட்டுக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில், குறுகலான வளைவில், டோபினின் கார் எதிரே ஏறி வந்தது. வெண்டெலின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத," என்றேன். "தெரிஞ்சா எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு நம்ம பின்னாடியே எறங்கி வந்துடுவான்."

"நாளைக்கு என்ன சொல்றது அவன்கிட்ட?"

"நீ மட்டும் காலைல போ. போய்ச் சொல்லு."

இரண்டு வண்டிகளும் உரசாமல் மெல்லக் கடந்தன. டோபின் கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "ஊருக்காம்மா? அப்படியே ரெண்டு மூட்ட ஐஸ் வாங்கிட்டு வந்துடு," என்றான்.

நான் தலையாட்டினேன். அவன் காரின் கூரையில் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக் கட்டியிருந்தான். ஒன்றில் மட்டும் வெள்ளை ரிப்பன் சுற்றியிருந்தது. அது எனக்கு.