ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

ஆர்த்திக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவரின் ஒரே மகள். மதுரையில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு. சபையும் அரசும் வழிபாட்டுச் சுதந்திரமும் என்பது தலைப்பு. அப்பாவின் கம்பெனியில் பெட்டி ஒட்டும் சாராள் ஒருநாள் தன் ஊர் ஜெபவீட்டைப் பற்றிச் சொன்னதும், ஆர்த்திக்குச் சோறு தண்ணி மறந்துபோனது.

ஊர் செவல்மடை, ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கம். நாற்பது வருடமாக அங்கே ஒரு வழக்கம். மறுநாள் மருந்து அறையில் வெடிமருந்து கலக்கப் போகிறவர்கள், ஞாயிறு சாயங்காலம் தங்கள் பேரைச் சீட்டில் எழுதி ஜெபவீட்டில் கொடுப்பார்கள். உபதேசியார் ஒவ்வொரு பேராகச் சத்தம்போட்டுப் படித்து ஜெபிப்பார். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவனும் சீட்டுக் கொடுப்பான். அவன் உள்ளே வர வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்தபடி தன் பேர் காதில் விழுந்தால் போதும், திங்கட்கிழமை தைரியமாக வேலைக்குப் போவான். அதற்காகவே தெருமுனை வரை கேட்கும்படி படிப்பார்கள். ஊரில் ஒருத்தரும் அதைக் குறை சொன்னதில்லை.

ஆர்த்தி ஆறு மாதம் போய்வந்து எழுதினாள். அத்தியாயம் அருமையாக வந்தது. நெறியாளர் மட்டும், "எல்லாம் வாய்வார்த்தையா இருக்கேம்மா, ஆவணம் எங்க?" என்றார். ஆவணம்தானே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டாள். செவல்மடை ஜெபவீட்டுக்கு எந்த ஆண்டு அனுமதி வழங்கப்பட்டது? ஒரே ஒரு கேள்வி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டியாவது படிக்காதவன். இவள் சுதந்திரத்தைப் பற்றியே நானூறு பக்கம் எழுதியவள். அனுமதிச் சீட்டே இல்லாத ஒரு வீட்டின் பேரை அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

முப்பது நாளில் பதில் வந்தது. அனுமதி அளித்ததாகக் கோப்புகளில் இல்லை. அடியில் இன்னொரு வரி: நகல், உரிய நடவடிக்கைக்காக. அந்த வரியை அவள் படித்தாள், ஆனால் யோசிக்கவில்லை. மூன்றாம் வாரம் ஜெபவீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அனுமதி கிடைக்கும்வரை அங்கே யாரும் கூடி ஜெபிக்கக்கூடாது என்று பக்கத்தில் நோட்டீஸ். உபதேசியாரைச் சபை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் ஆர்த்தி பதறிப்போய் ஊர்க்காரர்கள் பேரில் அனுமதி மனு எழுதிக்கொடுத்தாள். இரண்டு மாதம் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் செவல்மடைக்குப் போனாள். பூட்டிய வாசல் படியில் சாராள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆர்த்தியும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாராக்கா, மொதல்ல அனுமதி இருக்கான்னு கேட்டு மனுப் போட்டது நாந்தான்."

"தெரியும்மா. தலையாரி அன்னைக்கே சொல்லிட்டாரு. நீங்க நல்லதுக்குத்தான கேட்டீக."

ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆர்த்திக்கு. அவமானத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாராள் மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு பிடி சீட்டுகளை எடுத்தாள். "பூட்டுனாலும் ஆளுக குடுக்கிறத நிறுத்தல. வாராவாரம் வாங்கி வச்சிருக்கேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க படிக்கீகளாம்மா?"

இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஆர்த்தி எழுந்து நின்றாள். முதல் சீட்டைப் பிரித்து, உபதேசியார் படிப்பதுபோலத் தெருமுனைக்குக் கேட்கும்படி, "மொக்கைச்சாமி!" என்று படித்தாள்.

சாராள் பதறி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"மெதுவாம்மா. நமக்குத்தான் அனுமதி இல்லையாம்ல."

அதில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது. நாற்பது வருடமாக இல்லாத பயம்.

அடுத்த சீட்டில் பலவேசம் என்று இருந்தது. அப்பாவின் கம்பெனி ஆள்தான். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். தெருமுனை டீக்கடை பெஞ்சில், கையில் கிளாசோடு இந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆர்த்தி குரலைத் தாழ்த்தி அவர் பேரைப் படித்தாள். பக்கத்தில் இருந்த சாராளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பலவேசம் டீயைக் குடிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.